அடித்தது தெரியுமா?

எங்கள் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில், ஊழியர்கள் மேல் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்பதை ஓர் அக்கா ரிஜிஸ்டரில் எழுதிவைப்பார். ஓர் எண்ணைத் தவறாக எழுதிவிட்டால், அதன் மேல் ஒரே ஒரு கோடு போடுவார். கோட்டுக்கு அடியில் பழைய எண் படிக்கும்படி இருக்கும். பக்கத்தில் சரியான எண், தேதி, கையெழுத்து. இந்தப் பதிவுகளுக்காக ஒரு மென்பொருள் வாங்க நினைத்தபோது, அதன் டெமோவில் அவர் கேட்டதும் அதைத்தான்: "சார், இதுல அடிச்சது தெரியுமா?"

விற்க வந்தவர், "எல்லாம் லாக் ஆகும் மேடம்" என்றார்; யார், எப்போது திருத்தினார்கள் என்பது தானாகவே குறிப்பில் ஏறிவிடும் என்று அர்த்தம். நான், "சரி, அதை அப்புறம் பார்க்கலாம், அடுத்த ஸ்கிரீனைக் காட்டுங்க" என்றேன். அந்த அப்புறம் வரவே இல்லை.

என் பக்கத்தையும் சொல்கிறேன். அப்போது எல்லாமே எக்ஸெல்லில் ஓடிக்கொண்டிருந்தது. சிகிச்சைக்குப் பயன்படும் கதிரியக்கப் பொருளான இரிடியம்-192இன் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், 74 நாள். இன்றைக்கு அதில் எவ்வளவு மிச்சம் என்று கணக்கிடும் ஃபார்முலாவை யாரோ ஒரு வரி தள்ளி இழுத்துவிட்டிருந்தார்கள். கதிரியக்கத்தின் அளவு ஒரு பத்தியில் கியூரி என்ற அலகில், அடுத்ததில் கிகாபெக்கரலில்; 1 கியூரி என்பது 37 கிகாபெக்கரல் என்பதால் சின்னக் கவனப்பிசகுகூடப் பெரிய தவறாகிவிடும். கதிரியக்கப் பொருள் கசிகிறதா என்ற சோதனை, கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரின் அளவுத்திருத்தம் எல்லாம் யாருக்காவது ஞாபகம் வந்தால்தான் நடக்கும். இதற்கெல்லாம் அந்த மென்பொருளில் வழி இருந்தது. போட்டியில் இருந்த இன்னொன்றோ மெதுவாக நகரும்; எதைத் திருத்தினாலும் காரணம் எழுதாமல் சேமிக்க விடாது. அது தொல்லை என்று நானே மதிப்பெண் குறைத்தேன்.

அப்புறம் ஒரு காலாண்டில் எங்களிடம் வேலை செய்த ஒரு பையனுடைய பேட்ஜ், அதாவது மேலே பட்ட கதிர்வீச்சை அளக்க உடம்பில் அணிவது, 11 மில்லிசீவர்ட் காட்டியது. ஐந்தாண்டுச் சராசரியில் வருடத்துக்கு 20தான் வரம்பு. விசாரித்ததில், பேட்ஜோடு கழற்றிய மேல்கோட்டைச் சிகிச்சை அறைக்குள்ளேயே மறந்துவிட்டிருந்தான் என்று தெரிந்தது. கூட வேலை செய்தவர்களின் அளவை வைத்து 0.3 என்று மதிப்பிட்டோம். மென்பொருளில் அதை மாற்றியது நான்தான். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை, எண் சரிதான்.

வேறு வேலைக்குப் போகும்போது அவன் தன் டோஸ் விவரம் கேட்டான். அச்சிட்டுக் கொடுத்தேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "11 வந்துச்சே சார், அது எங்க?" என்றான்.

லாக்கைத் திறந்தேன். இன்ன தேதியில் இன்ன ஆள் பதிவைத் திருத்தினார் என்று இருந்தது. ஆள் நான். எதிலிருந்து எதற்கு, ஏன் என்பது எங்கும் இல்லை. விற்றவர் பொய் சொல்லவில்லை. எல்லாம் லாக் ஆகியிருந்தது. கோப்பில் இருந்த விசாரணை அறிக்கையை நகல் எடுத்துக் கொடுத்தேன். "சரி சார்" என்று வாங்கிக்கொண்டான். அந்தச் 'சரி'யை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் யோசிக்கிறேன்.

அவனுக்கு 75 வயதாகும் வரை, வேலையை விட்ட பிறகு குறைந்தது 30 வருடமாவது, இந்தப் பதிவு இருக்க வேண்டும் என்பது சர்வதேச அணுசக்தி முகமையின் விதி. அவனுக்கு இப்போதுதான் இருபத்தைந்து தாண்டியிருக்கும். அதுவரை எந்த மென்பொருள் உயிரோடிருக்கும்? எதைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் இதே கதைதான் என்று தோன்றும்போது கொஞ்சம் ஆறுதல். இல்லை, காரணம் கேட்கும் அந்தத் தொல்லை பிடித்த பெட்டி இருந்திருந்தால் காரணம் எழுதியிருப்பேனே என்றும் தோன்றும். அதற்கும் பதில் எனக்கே தெரியும்: அவசரத்தில் ஒரு புள்ளியைத் தட்டி சேமித்திருப்பேன்.

இரட்டைப் பதிவு வேண்டாம் என்று நான் சொன்ன பிறகும் அக்கா ரிஜிஸ்டரை நிறுத்தவில்லை என்பது போன வாரம்தான் தெரிந்தது. அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். 11 மேல் ஒரு கோடு, பக்கத்தில் 0.3, 'கோட் அறையில் இருந்தது' என்று ஒரு வரி, அவர் கையெழுத்து. திருத்தியது நான், கையெழுத்து மட்டும் எப்படி அவருடையது என்று கேட்டேன்.

"நீங்கதான் கம்ப்யூட்டர்ல போட்டுட்டீங்களே சார்" என்றார்.