மாவு வண்டின் எழுத்துகள்

ரவை டப்பாவைத் திறந்ததும் ஊர்ந்து ஓடும் செம்பழுப்பு வண்டைப் பார்த்திருப்பீர்கள். அம்மா மாவைச் சலித்து அதைக் கொல்லையில் கொட்டுவார். அமெரிக்காவில் ஓர் ஆய்வகத்தில் சில ஆண்டுகளாக எனக்கு வேலை கொடுப்பது அந்த வண்டுதான்.

அதன் ஜீனோம், அதாவது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளில் எழுதிய முழு டிஎன்ஏ வரிசை, 2008-லேயே வெளியாகிவிட்டது. மரபணுக்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். ஆனால் ஒரு மரபணு எந்தத் திசுவில், எப்போது, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்யும் டிஎன்ஏ துண்டுகள் வேறு. என்ஹான்சர் என்பார்கள். சில நூறு எழுத்துகள்தான் இருக்கும். மரபணுவுக்கு முன்னாலும் இருக்கலாம், பின்னாலும் இருக்கலாம், பல்லாயிரம் எழுத்து தள்ளியும் இருக்கலாம். இங்கே தொடங்குகிறேன் என்று சொல்லும் அடையாளம் எதுவும் அதற்குக் கிடையாது.

பழ ஈயின் கருவில் ஈவன்-ஸ்கிப்டு என்ற மரபணு வேலை செய்யும் இடங்கள் ஏழு பட்டைகளாகத் தெரியும். இரண்டாம் பட்டைக்கு மட்டும் தனி என்ஹான்சர் இருக்கிறது. பைகாய்டு, ஹன்ச்பேக் என்ற புரதங்கள் அதன்மேல் உட்கார்ந்து மரபணுவை இயக்குகின்றன. முன்பக்கம் ஜயன்ட், பின்பக்கம் க்ருப்பல் என்ற புரதங்கள் தடுக்கின்றன. நடுவில் மிஞ்சும் இடம்தான் பட்டை. இவ்வளவையும் செய்ய 480 எழுத்து போதும். 1990-களின் தொடக்கத்தில் மைக்கேல் லெவீன் குழுவினர் இதைப் பிரித்துக் காட்டிய கட்டுரைகளை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது.

சரி, ஈயில் தெரிந்த என்ஹான்சரை வண்டின் ஜீனோமோடு வரிசையாக ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஈயும் வண்டும் பிரிந்து 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. புரதங்களின் வரிசை நன்றாகவே பொருந்தும். என்ஹான்சர்களில் பொருத்தமே கிடைக்காது. பைகாய்டு என்ற மரபணுவே வண்டில் இல்லை.

தமிழில் "நான் நேற்று ஊருக்குப் போனேன்" என்றாலும் "ஊருக்கு நேற்று நான் போனேன்" என்றாலும் பொருள் மாறுவதில்லை. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் இரண்டும் வேறு. என்ஹான்சர்களும் பெரும்பாலும் அப்படித்தான். புரதங்கள் வந்து உட்காரும் சிறு சொற்கள் இடம் மாறும், ஒன்று அழிந்து பக்கத்தில் இன்னொன்று முளைக்கும். ஆனாலும் வேலை நடந்துவிடும். ஆகவே வரிசையை விட்டுவிட்டுச் சொற்களை எண்ண வேண்டும். மார்க் ஹால்ஃபன், சௌரப் சின்ஹா குழுக்கள் உருவாக்கிய ஸ்கிரம்ஷா என்ற கணினி முறை இதைத்தான் செய்கிறது. ஒரே திசுவில் வேலை செய்யும் ஈயின் என்ஹான்சர்கள் சிலவற்றைக் கொடுத்தால், அவற்றில் எந்தக் குறுஞ்சொற்கள் அதிகம் வருகின்றன என்று அது கற்றுக்கொள்ளும். பிறகு வண்டின் ஜீனோமை 500 எழுத்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போய் ஒவ்வொரு இடத்துக்கும் மதிப்பெண் போடும்.

முதல் முறை ஓட்டியபோது பட்டியலின் உச்சியில் வந்தவற்றுக்கு மதிப்பெண் அள்ளிக்கொண்டு போனது. மூன்று வாரம் அந்தப் பட்டியலோடு வாழ்ந்தேன். ஒருநாள் முதல் துண்டின் எழுத்துகளைத் திரையில் விரித்து, கண்ணால் படித்தேன். ஏடிஏடிஏடி என்று அரைப்பக்கம். இரண்டாவதும் அதே கதை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் அந்தப் பகுதிகளை முதலில் மறைத்திருக்க வேண்டும். நான் மறைக்கவில்லை. மறைத்துவிட்டு மறுபடி ஓட்டியபோது பழைய பட்டியலில் பாதிக்குமேல் காணாமல் போயிற்று. அன்றிலிருந்து எந்தப் பட்டியல் வந்தாலும் முதல் இருபது துண்டுகளையாவது எழுத்தாகப் படித்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

அப்புறம் சோதனை. வண்டின் துண்டை, நீல நிறம் தரும் லாக்-இசட் மரபணுவின் முன்னால் ஒட்டி, ஈயின் முட்டைக்குள் ஊசியால் செலுத்த வேண்டும். முட்டை அரை மில்லிமீட்டர் நீளம். இட்டு ஒரு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். துண்டோடு சிவப்புக் கண் தரும் மரபணுவும் சேர்ந்தே போகும். ஆகவே முட்டையிட்ட வெள்ளைக் கண் ஈக்களின் பேரப்பிள்ளைகளில் சிவப்புக் கண்ணோடு ஒன்று கிடைத்தால் துண்டு உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம்.

பட்டியலில் 14-வது துண்டு. பக்கத்து மரபணு கருவின் தொடக்கத்திலேயே வேலை செய்வது என்பதால், நான்கு மணி நேரத்துக்கு உட்பட்ட கருக்களை மட்டும் சாயமிட்டுப் பார்த்தேன். நீலம் இல்லை. நோட்டில் "இல்லை" என்று எழுதி மூடினேன். ஊசி போடும் வேலையை இருபது ஆண்டுகளாகச் செய்துவரும் மூத்த உதவியாளர் அதைப் பார்த்துவிட்டு, "ராத்திரி முழுக்க முட்டையிட விடு, காலையில் பார்ப்போம்" என்றார். காலையில் ப்ளீச்சில் முட்டையின் ஓட்டைக் கரைத்து, சாயத்தில் போட்டு, மதியம் மைக்ரோஸ்கோப்பில் வைத்தோம். வயது கூடிய கருக்களில் வயிற்றுப்பக்க நடுக்கோடு நெடுக, நூல் பிடித்ததுபோல நீலப் புள்ளிகள். ஈ ஒருபோதும் கண்டிராத எழுத்துவரிசை அது. ஈயின் செல்கள் அதைப் படித்துவிட்டன. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த தட்டை எடுத்தார்.

இப்போதெல்லாம் நோட்டில் வெறுமனே "இல்லை" என்று எழுதுவதில்லை. "0–4 மணி, ஈயின் கருவில், இல்லை" என்றுதான் எழுதுகிறேன்.

31-வது துண்டு ஈயில் எந்த வயதிலும் எதுவும் காட்டவில்லை. ஒருவேளை அதைப் படிக்க வண்டின் செல்லே வேண்டுமோ என்னவோ. வண்டுக்குள் டிஎன்ஏவைச் செலுத்தவும் வழி இருக்கிறது. ஆனால் ஈக்குப் பத்து நாளில் முடியும் தலைமுறை, வண்டுக்கு ஏறக்குறைய ஒரு மாதம். நேற்று அதற்கான முதல் முட்டைகளை எடுத்தேன். மைதாவில் வண்டுகளை விட்டு, அவற்றை எடுத்த பிறகு மாவை நுண்சல்லடையில் சலிக்க வேண்டும். மாவு கீழே கொட்டுகிறது, உடம்பெல்லாம் மாவு ஒட்டிய முட்டைகள் மேலே தங்குகின்றன. அம்மாவுக்கு போனில் சொன்னேன். வண்டைத் தூக்கிப் போடாமல் முட்டையையும் சேர்த்து வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டார்.