இறகு வச்ச ஏதோ ஒண்ணு

நேற்று ராத்திரி எட்டரைக்கு மகள் இங்கிலீஷ் நோட்டோடு வந்து நின்றாள். எமிலி டிக்கின்சன் கவிதையாம், காலையில் விளக்கம் எழுதிக்கொண்டு போகணுமாம். நான் படித்தது பி.காம். அதற்காக அப்பா பின்வாங்க முடியுமா? "கொண்டா" என்றேன்.

முதல் வரியைத் தமிழில் சத்தமாகச் சொன்னேன். "நம்பிக்கைங்கறது இறகு வச்ச ஒண்ணு."

"ஷட்டில் காக்!" என்றான் சின்னவன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா, "கோழி இறகுடா. உங்க தாத்தா காது குடைய வச்சிருப்பாரே" என்றார்.

அவர்கள் மேல் தப்பே இல்லை. முதல் நாலு வரியில் பறவை என்ற சொல்லே கிடையாது. மனசுக்குள் வந்து உட்காரும், சொல்லில்லாத மெட்டைப் பாடும், நிறுத்தவே நிறுத்தாது. அவ்வளவுதான் சொல்கிறார். ஏழாவது வரியில், அதுவும் புயலுக்கு நடுவில்தான், 'சின்னப் பறவை' என்று விடுகதையை அவிழ்க்கிறார்.

"பாட்டுக்கு ஏம்ப்பா சொல்லே இல்ல?"

"பாட்டி இப்ப முனகறாங்களே, அதுல சொல் இருக்கா? நம்பிக்கையும் அப்படித்தான். காரணம் கேட்டா சொல்லத் தெரியாது. ஆனா பாடிட்டே இருக்கும்." எனக்கே ஆச்சரியம், பி.காமுக்கு இது அதிகம்.

அடுத்த கேள்வியில் மாட்டிக்கொண்டேன். குளிர்ந்த தேசத்திலும் விசித்திரமான கடலிலும் அந்தப் பாட்டைக் கேட்டதாக வருகிறதே, கப்பலில் போனாரா? போனில் தேடினேன். அமெரிக்காவில் ஆம்ஹெர்ஸ்ட் என்கிற ஊர். பின்னாளில் அவர் வாசலைத் தாண்டியதே அபூர்வம். கிட்டத்தட்ட 1,800 கவிதை எழுதி, உயிரோடு இருந்தபோது அச்சேறியது பத்துச் சொச்சம். 1886இல் இறந்தார், இந்தக் கவிதை அச்சில் வந்தது 1891இல். ஆக, கடலும் புயலும் மனசுக்குள்தான்.

கடைசி வரிதான் வீட்டில் கலவரம். எவ்வளவு இக்கட்டிலும் அந்தப் பறவை தன்னிடம் ஒரு துணுக்கு ரொட்டிகூடக் கேட்டதில்லை என்கிறார்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "கேக்காத பறவையா? அந்தம்மா வீட்டுப் பக்கம் காக்காயே வந்ததில்ல போல."

இன்று காலை ஏழு மணி. வழக்கம்போல ஜன்னல் கம்பியில் ஆஜர். சோறு வர ரெண்டு நிமிஷம் தாமதம், அலகால் எவர்சில்வர் மூடியை டொக் டொக்கென்று தட்டுகிறது.

"பாடவும் தெரியாது, கேக்காம இருக்கவும் தெரியாது" என்று திட்டிக்கொண்டே, சூடான சோற்றை ஊதி ஆறவைத்துக்கொண்டிருந்தார் அம்மா.