புளி போட்டுத் தேய்த்த ஜார்ஜ் மன்னர்

கும்பகோணத்து வீட்டைக் காலி செய்தபோது பரணில் தாத்தாவின் ஹார்லிக்ஸ் பாட்டில் அகப்பட்டது. உள்ளே ஆறு பழைய ஒரு ரூபாய் காசுகள், கைநிறைய ஓட்டைக் காலணா, நயா பைசா, தாமரை போட்ட இருபது பைசா. விற்றால் என்ன தேறும் என்று பார்க்கப் போய் நான் பட்டது இது.

முதலில் அசடு ஆன கதை. வீடியோ ஒன்றில் வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்குப் பத்து லட்சம் என்றார்கள். என் பர்ஸிலேயே ஒன்று கிடந்தது. கீழே இருந்த எண்ணுக்குப் படம் அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் போன், ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு கடிதம், பதிவுக் கட்டணம் 1,850 ரூபாய். கட்டித் தொலைத்தேன். மறுநாள் ஜிஎஸ்டிக்கு 9,000 கேட்டபோதுதான் புத்தி வந்தது. பழைய காசு வாங்கி விற்கும் வேலையே தங்களுக்குக் கிடையாது, அதற்காக யாரிடமும் கமிஷன் வசூலிப்பதும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.

அடுத்து வங்கி. ஒரு மணி நேரம் வரிசையில் நின்றதற்குக் கிடைத்தது ஒரு சிரிப்புதான். 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போய்விட்டன; முகமதிப்புகூடக் கிடைக்காது.

வெள்ளிக் கடைக்காரர் ஆறையும் மொத்தமாகத் தராசில் போட்டு, "எல்லாம் பாதி வெள்ளிதான் சார்" என்று ஒரே விலை சொன்னார். நல்லவேளை, கொடுக்கவில்லை. ஆண்டைப் பார்க்காமல் எடை போட விடாதீர்கள். 1939 வரை வந்த ரூபாய் 11.66 கிராம், அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940-லிருந்து பாதிதான். 1947-இல் வந்த புலி ரூபாய் சுத்த நிக்கல், ஒரு பொட்டு வெள்ளி கிடையாது.

கடைசியில் நண்பர் ஒருவர் சொல்லி, சென்னையில் நாணயம் மட்டுமே வாங்கி விற்கும் ஒருவரைப் பார்த்தேன். பெரியவர் லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஓட்டைக் காலணா, 1943-லிருந்து 47 வரை வந்தது, எல்லா வீட்டுப் பரணிலும் இருக்கிறது, பத்து ரூபாய். 1917, 1918 ரூபாய்கள் போர்க் காலத்தில் கோடிக்கணக்கில் அச்சடித்தவை, அதனால் வெள்ளி விலைதான். 1911-ஐ எடுத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

காசில் இருக்கும் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் ஒரு குட்டி யானை உண்டு. அந்த ஆண்டு அதன் தும்பிக்கை குட்டையாகிப் பார்க்கப் பன்றி மாதிரி இருந்ததால் முஸ்லிம்களிடையே எதிர்ப்பு கிளம்பியது. வெளியே போனது ஏழு லட்சம் காசுகள்தானாம். மிச்சத்தை உருக்கிவிட்டு, 1912-இல் தும்பிக்கையை நீட்டி அச்சடித்தார்கள். எனக்கு நெஞ்சு படபடத்தது.

"யார் சார் இதைத் தேய்ச்சது?"

அம்மாதான். பிள்ளை பட்டணத்துக்குக் கொண்டு போகிறானே, அழுக்காக இருக்கலாமா என்று முதல்நாள் ராத்திரி புளியும் சாம்பலும் போட்டு, குத்துவிளக்கைப் போலப் பளபளக்க வைத்திருந்தாள். லென்ஸில் பார்த்தால் முகம் முழுக்கக் கீறல். நூறு வருஷம் படிந்த அந்தக் கறுப்புக்குத்தான் சேகரிப்பவர்கள் காசு கொடுப்பார்களாம். "அப்படியே கொண்டு வந்திருந்தா இப்போ தர்ற விலையைப் போல மூணு மடங்கு கொடுத்திருப்பேன்" என்றார்.

அது எனக்குத் தாங்கவில்லை. 1917-ஐயும் 1918-ஐயும் மட்டும் அன்றைய வெள்ளி விலைக்குக் கொடுத்தேன். வைஷ்ணவி தேவிக் காசையும் காட்டினேன். "டீ குடிச்சிட்டுப் போங்க சார், அதுக்கு ஆகும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "ஏம்ப்பா, நல்லா பளிச்சுன்னு இருக்குன்னு சொன்னாரா?"

"சொன்னார்மா" என்றேன். பன்றி ரூபாய் இப்போது என் அலமாரியில், அவள் கைக்கு எட்டாத தட்டில்.