இசுஸு அம்பாசிடருக்கு மார்க் 2 மூக்கு: பானெட் இடைவெளி ஒருவழியாகச் சரியானது

என் அம்பாசிடரின் முன்பக்கத்தைக் கழற்றிவிட்டு, பழைய மார்க் 2 அம்பாசிடரின் மூக்கை, அதாவது முன்பக்கப் பேனலையும் கிரில்லையும், பொருத்திக்கொண்டிருக்கிறேன். நேற்று மாலை பானெட்டை மூடிவிட்டு, இடைவெளி எங்கும் ஒரே அளவா என்று பார்க்க, 5 மி.மீ. டிரில் பிட்டின் வால் பக்கத்தை இடதுபுற இடைவெளியில் விட்டு முன்னாலிருந்து முன்கண்ணாடி வரை இழுத்தேன். வலதுபுறமும் அதே மாதிரி. இரண்டு பக்கமும் எங்கும் இறுகவில்லை, எங்கும் தொளதொளக்கவில்லை. நான்கு மாதமாக இந்த ஒரு இழுப்புக்காகத்தான் காத்திருந்தேன். அதனால்தான் வேலை பாதியில் நிற்கும்போதே இதை எழுதுகிறேன்.

வண்டி 1996 மாடல் 1800 ஐஎஸ்இசட். மார்க் 2 முகம்தான் வேண்டுமென்றால் மார்க் 2 வண்டியையே வாங்கலாமே என்று பலரும் கேட்டார்கள். எனக்கு அந்த முகம் வேண்டும், ஆனால் இந்த இன்ஜின் வேண்டும். 1817 சி.சி. இசுஸு பெட்ரோல், தரையில் ஐந்து கியர். குடும்பத்தோடு குன்னூர் ஏறும்போது இரண்டாவது கியரில் மூச்சுவிடாமல் ஏறுகிறது. பழைய 1489 சி.சி. இன்ஜினை நான் மதிக்கிறேன், நன்றாக ஓட்டியும் இருக்கிறேன். ஆனால் மாதம் இரண்டு முறை மலை ஏறுகிறவனுக்கு இதுதான் சரி.

இந்த மாற்று வேலை அம்பாசிடரில் மட்டும் இவ்வளவு எளிதாக நினைத்துப் பார்க்கக் கூடியதாக இருப்பதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்த அதே கூடு, 2014-இல் உத்தர்பாராவில் உற்பத்தி நிற்கும் வரை அடிப்படையில் மாறவே இல்லை. 1962-இல் மார்க் 2, 1975-இல் மார்க் 3, 1979-இல் மார்க் 4, 1990-இல் நோவா என்று பெயர் மாறிக்கொண்டே வந்தாலும், வெளியே அதிகம் மாறியது மூக்கும் விளக்கும்தான். என் மனத்தில் நிற்பது மார்க் 2-இன் அந்தக் கட்டம் போட்ட கிரில். சின்னச் சின்னச் சதுரங்களாக, வாய் நிறைய. அதற்குப் பிறகு வந்த எந்தக் கிரில்லும் அந்த அகன்ற முகத்துக்கு அவ்வளவு பொருந்தவில்லை என்பது என் உறுதியான கருத்து.

சாமான் தேடிய கதை தனி. கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் மூன்று வாரம் அலைந்தேன். மார்க் 4, நோவா மூக்கு எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கிறது. மார்க் 2 கேட்டால் பெரியவர்கள் சிரித்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்புகிறார்கள். சென்னை புதுப்பேட்டையில் கிரில் மட்டும் ஒன்று இருந்தது. நடுவில் நான்கு கட்டம் வெட்டி ஃபாக் விளக்கு மாட்டியிருந்தார்கள், அதனால் விட்டுவிட்டேன். கடைசியில் கொல்கத்தா மல்லிக் பஜாரிலிருந்து நண்பரின் மைத்துனர் ஒரு முழு செட்டு பார்த்துச் சொன்னார். மூக்குப் பேனல், கிரில், சின்ன விளக்குகள் எல்லாம் சேர்ந்து. தொழிற்சாலை பக்கத்திலேயே இருந்த ஊர் என்பதால் பழைய சாமான் இன்னும் அங்கேதான் சுற்றுகிறது. கோணிப்பையில் கட்டி லாரி பார்சலில் வந்தது. பேனலின் அடி விளிம்பு துருவில் உளுத்திருந்தது, மற்றபடி அடிபடாத தகடு. காந்தத்தைத் துணியில் சுற்றி ஒவ்வோர் அங்குலமாக வைத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒட்டியது. பள்ளத்தை மறைக்கப் பூசும் பட்டி இருந்தால் ஒட்டாது. பட்டி இல்லாத பழைய பேனலைக் கையில் பிடிப்பது ஒரு தனிச் சந்தோஷம்.

பழைய மூக்கைக் கழற்றுவது, துரு எடுப்பது, அடி விளிம்புக்குப் புதுத் தகடு வைத்து ஒட்டுவது, இதையெல்லாம் செய்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போல்ட் ஓட்டைகளில் பெரும்பாலானவை அப்படியே உட்கார்ந்தன. இரண்டை மட்டும் அரத்தால் நீட்டினேன். ஹாரன் பட்டை கிரில்லின் முதுகில் இடித்தது, அதைத் திருப்பி மாட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மூக்கு ஏறிவிட்டது.

அப்புறம்தான் பானெட்டை மூடினேன்.

இடதுபுறம் 6 மி.மீ., வலதுபுறம் பின்னால் 5, முன்னால் 2. கிரில்லின் நடுக்கோடும் பானெட்டின் நடுக்கோடும் சேரவில்லை. வண்டிக்கு நேர் முன்னால் குத்துக்காலிட்டுப் பார்த்தால் மூக்கு ஒரு பக்கம் சாய்ந்த மனிதரைப் பார்ப்பது போல இருந்தது. முதலில் கீலை நகர்த்தினேன். வலதில் முன்பக்கம் சரியானால் பின்பக்கம் மட்கார்டில் உரசியது. பிறகு மூக்குப் பேனலுக்கு அடியில் வாஷர் வைத்துத் தூக்கினேன். உயரம்தான் மாறியது, பக்கவாட்டு அளவு மாறவில்லை. மூன்றாவது வாரம் டிங்கர் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "பழைய வண்டி இப்படித்தான் இருக்குமுங்க, ஓரத்தைக் கொஞ்சம் தேச்சுப் பட்டி போட்டுரலாமுங்க" என்றார். நல்ல கைக்காரர், பல வருடப் பழக்கம். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. கொல்கத்தாவிலிருந்து பட்டி இல்லாத பேனலைக் கொண்டுவந்து, அதன் ஓரத்தில் நானே பட்டி தடவுவதா?

கழற்றி வைத்திருந்த பழைய மூக்கை அன்று இரவு எடுத்துப் பார்த்தேன். அதே காந்தம். வலது ஓரத்தில் ஒட்டவில்லை. உளியால் சுரண்டினால் பட்டி கிட்டத்தட்ட 6 மி.மீ. கனத்தில் உதிர்ந்தது. அடியில் போல்ட் ஓட்டை கேஸ் கட்டரால் நீட்டப்பட்டிருந்தது. எனக்கு முன்னால் இந்த வண்டியை வைத்திருந்தவர்களில் யாரோ வலது முன்மூலையை எங்கோ இடித்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் தகட்டை நிமிர்த்தாமல் மூக்கை மட்டும் ஏமாற்றிப் பொருத்தியிருக்கிறார். அந்த மூக்கு இருந்தவரை தெரியவில்லை. நேரான மூக்கு வந்ததும் வண்டியின் கோணல் வெளியே வந்துவிட்டது.

மறுநாள் டிங்கர் அண்ணனும் நானும் மூலைக்கு மூலை டேப் பிடித்தோம். இடது கீல் போல்ட்டிலிருந்து வலது மட்கார்டின் முன் போல்ட் வரை 1503 மி.மீ. வலது கீலிலிருந்து இடது முன் போல்ட் வரை 1512. ஒன்பது மில்லி வித்தியாசம். டேப் தொய்ந்தால் இரண்டு மில்லி பொய் சொல்லும் என்பதால் நான்கு முறை அளந்தோம், இரண்டு பேரும் இடம் மாறி நின்று. அடியில் மெம்பரை, அதாவது கூட்டோடு சேர்ந்த கனமான சட்டத்தை, அளந்தால் அங்கே வித்தியாசம் இல்லை. மட்கார்டுக்கு உள்பக்கம் இருக்கும் தகடான ஏப்ரன், வலதில் மேலே மட்டும் உள்ளே தள்ளியிருக்கிறது. அம்பாசிடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, கூடுதான் சேசிஸ். அதனால் அடியில் சரியாக இருந்ததைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

இனி இழுக்க வேண்டும். ஷெட்டின் இரும்புத் தூணில் சங்கிலி, ஏப்ரனில் இரண்டு போல்ட் ஓட்டையைச் சேர்த்துப் பிடிக்கும் 8 மி.மீ. கனப் பட்டை, நடுவில் ஹைட்ராலிக் ஜாக்கி. வண்டி நகராமல் மறுபக்கம் இன்னொரு சங்கிலி. முதல் தடவை சரியாக 9 மில்லி இழுத்து நிறுத்தி, அரை மணி நேரம் விட்டு, ஜாக்கியைத் தளர்த்தினோம். ஏப்ரன் அப்படியே திரும்பிப் போனது. மிஞ்சியது 3 மில்லிதான்.

இந்த இடத்தில்தான் டிங்கர் அண்ணனின் அனுபவம் பேசியது. டிங்கர் வேலை என்றால் பட்டி என்று நினைப்பவர்கள் அன்று அவர் கையைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டாம் தடவை 13 மில்லி வரை இழுத்தார். இழுவையில் வைத்துக்கொண்டே, ஏப்ரனின் உள்பக்கம் பழைய அடியால் விழுந்திருந்த மடிப்பைத் தேடிக் கண்டுபிடித்தார். விரல் நுனியால் தடவினால்தான் அது தெரியும். பின்னால் டாலியை (முட்டுக் கொடுக்கும் இரும்புக் கட்டி) வைத்து, மடிப்பின் ஓரம் முழுக்கச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். பலமாக அல்ல, மேசையில் விரலால் தாளம் போடுகிற அளவுதான். ஒவ்வொரு தட்டுக்கும் சங்கிலி மெல்ல முனகியது. கொஞ்ச நேரத்தில் சங்கிலி தளர்ந்தது. ஜாக்கியைத் தொடவே இல்லை. தகடு தானாக இடம் கொடுத்துவிட்டது. நெருப்பு காட்டவே கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சூடாக்கினால் அந்த இடம் இளகி, நாளைக்கு அங்கேதான் மடியும் என்றார். ஜாக்கியைத் தளர்த்தி அளந்தபோது 1511. இன்னொரு சின்ன இழுப்பில் 1512.

மூக்கை மறுபடி ஏற்றினோம். நீட்டிய ஓட்டைகள்கூடத் தேவைப்படவில்லை, போல்ட் நடுவிலேயே நின்றது. அண்ணன் எதுவும் சொல்லவில்லை. பானெட்டை மூன்று முறை திறந்து திறந்து மூடிப் பார்த்தார், அவ்வளவுதான்.

கிரில்லுக்குக் குரோம் ஏற்றியதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டக் கிரில் வைத்திருக்கும் எல்லோரும் இதில் மாட்டுவார்கள். முதலில் கொடுத்த பட்டறையில் முகப்பு கண்ணாடி மாதிரி வந்தது. ஆனால் ஒவ்வொரு சதுரத்தின் உள்மூலையும் மங்கலான மஞ்சள். குரோம் கரைசலில் மின்சாரம் எட்டிப் பிடிக்கும் இடத்தில்தான் படியும், குழிகளுக்குள் நுழையாது. அங்கே அடியிலுள்ள நிக்கல்தான் தெரிகிறது. கேட்டதற்கு, பழைய சாமான் அப்படித்தான் வரும் என்று பதில். பேரூர் பக்கம் இன்னொரு சின்னப் பட்டறையில் ஒரு பெரியவர், கிரில்லுக்கு முன்னால் கட்டங்களை ஒட்டி வளைத்த துணை ஆனோடு ஒன்றை, அதாவது குழிக்குள்ளும் மின்சாரம் எட்ட உதவும் இன்னொரு மின்முனையை, செய்து தொங்கவிட்டு மறுபடி ஏற்றினார். இப்போது உள்மூலை வரை நீல வெள்ளை. கூலி இரண்டு மடங்கு, மனமாரக் கொடுத்தேன். ஒன்று நினைவில் வையுங்கள்: பளபளப்பு குரோமில் இல்லை, அடியிலுள்ள செம்பையும் நிக்கலையும் எவ்வளவு பாலிஷ் போட்டார்கள் என்பதில் இருக்கிறது. மேலே வரும் குரோம் ஒரு மைக்ரான் கனம்கூட இருக்காது. அதனால் கிரில் மாட்டும்போது ஒவ்வொரு திருகுக்கும் நைலான் வாஷர் வையுங்கள்.

சின்ன விளக்கு வயரிங் இன்னும் முடியவில்லை. செட்டோடு வந்த விளக்கில் பார்க் விளக்கும் இண்டிகேட்டரும் ஒரே பல்பு, இரட்டை இழை. என் வண்டியில் இரண்டும் தனித்தனி வயர். ஹோல்டரை மாற்ற வேண்டும், எர்த்துக்குத் தனி வயர் இழுக்க வேண்டும். அதை முடிக்காமலேயே போன வாரம் பழைய வீல் கப் நான்கு வாங்கிவிட்டேன். கிடைக்கும்போது எடுக்காவிட்டால் பிறகு கிடைக்காது. அப்படியே 5.90-15 அளவுப் பழைய பாணி டயரும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன், ரேடியல் போட்டால் அந்த வீல் கப்புக்கு எடுப்பாக இருக்காது. நிறம் இன்னும் முடிவாகவில்லை. வெள்ளையை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும், அதற்கான வேலையையும் கணக்கில் வைக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் பாட்டில் பச்சைதான் பிடித்திருக்கிறது.

மூக்கு இப்போது சாம்பல் பிரைமரில் நிற்கிறது. இடதுபக்கச் சின்ன விளக்கின் குரோம் வளையம் மட்டும் பார்சலில் வரவில்லை. மார்க் 2 வளையம், அடிபடாதது, யாரிடமாவது ஒன்று தனியாகக் கிடந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.