பலகையில் மூன்று

2025 யூலை 8, மாங்குளம்
எங்கள் மிதிவெடி அகற்றும் அணியின் கூடாரத்தில் புதிய பலகை தொங்குகிறது. ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே முதல்நாள் துப்புரவாக்கிய சதுர மீற்றர். எனக்கு மூன்று, கடைசி இடம். முகம் சுருங்கிவிட்டது.

நேற்று நான் இருந்தது பழைய வீட்டுத்தலம். ஆணி, தகரத்துண்டு, துப்பாக்கிச் சன்னக்கோது என்று உலோகம் கண்டுபிடிக்கும் டிடெக்டர் ஓயாமல் கத்தியது. ஒவ்வொரு சத்தத்துக்கும் முழந்தாளிட்டு மண்ணை மெல்லச் சுரண்ட வேண்டும். கச்சான் காற்றில் நிலம் கல்லாகக் கிடக்கிறது; தண்ணீர் ஊற்றி ஊறவிட்ட பிறகுதான் றேக் இறங்கும். மணல் பக்கத்தில் நின்றவர்களுக்குப் பதினைந்து.

யூலை 11
வவுனியாப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கும் தங்கை வந்திருக்கிறாள். பலகையைப் பற்றிச் சொன்னதும் பாடக்கொப்பியை எடுத்தாள். ரொபேர்ட் சைமன்ஸ் என்ற ஹாவர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் 1995 இல் நிர்வாகக் கட்டுப்பாட்டை நான்காகப் பிரித்திருக்கிறார்: எதற்காக உழைக்கிறோம் என்ற நம்பிக்கை, தாண்டக்கூடாத எல்லை, இலக்கோடு ஒப்பிடும் கணக்கு, மேலுள்ளவர்கள் கீழுள்ளவர்களோடு கூடிப் பேசும் வழக்கம்.

இரவு முழுவதும் அதையே நினைத்தேன். எங்கள் வேலையைப் போல எல்லை போட்ட வேலை வேறு ஏது? முகக்கவசத்தை உயர்த்தக் கூடாது, சிவப்புத் தடியைத் தாண்டக் கூடாது. அந்தக் கண்டிப்பு என்னை ஒருநாளும் சிறுமைப்படுத்தியதில்லை. என் உயிர் பெறுமதியானது என்று அது தினமும் சொல்கிறது. பலகை அப்படி எதுவும் சொல்லவில்லை.

யூலை 16
மணல் பக்கம் யாருக்கு என்று எங்கள் அணிப் பிள்ளைகள் இரண்டு பேர் சண்டை. முன்பு ஒருவருக்கொருவர் தண்ணீர் சுமந்தவர்கள்.

அவசரம் நியாயமானது. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. மிதிவெடிகளை அகற்ற அது விதித்த காலம் 2028 யூன். கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. “அண்ணை, நிலம் எப்படிப்பட்டது, யாருடைய காணி என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்” என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

யூலை 22
கிணற்றடியில் ஒரு மிதிவெடி. வேருக்குள் சாய்ந்து கிடந்தது. அதற்கே அரைநாள் போனது.

மாலையில் காணிக்கார அம்மா வீதியோரம் வந்து நின்றார். “பிள்ளை, கிணற்றடியில் தேசிமரம் நின்றதே?” என்று கேட்டார். அடிக்கட்டையில் துளிர் இருக்கிறது என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

நாளை பலகையில் இரண்டு என்றுதான் வரும். கிணற்றின் மேற்குப் பக்கத்தைத் தொடங்க வேண்டும், அங்கேயும் ஆணிதான். தண்ணீர்க் கலன் ஒன்று கூடுதலாக எடுக்க வேண்டும்.