ஃபால்சிகோவும் ஃபால்சிடாபும்

மருந்துப் பெயர்களின் ஒலி ஒற்றுமை பற்றிப் பேச்சு எழுந்தாலே, 2001 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழங்கிய காடிலா தீர்ப்பைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே குழுமத்திலிருந்து பிரிந்து, இரண்டுமே 'காடிலா' என்ற பெயரை வைத்துக்கொண்ட நிறுவனங்கள் அவ்வழக்கில் எதிரெதிரே நின்றன. ஒன்றின் மருந்து ஃபால்சிகோ, மற்றதின் மருந்து ஃபால்சிடாப். இரண்டும் ஃபால்சிபாரம் என்ற ஒட்டுண்ணியால் வரும் மலேரியாவுக்கானவை. அந்த ஒட்டுண்ணியின் பெயரையே முன்பாதியாகக் கொண்டவை. ஆனால் முன்னதில் இருந்தது ஆர்ட்டிசுனேட், பின்னதில் இருந்தது மெஃப்ளோகுயின்.

கலவையும் விலையும் வேறு, ஃபால்சிடாப் மருத்துவமனைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் மட்டுமே விற்கப்படுகிறது, ஆகவே குழப்பம் வராது என்ற வாதத்தை ஏற்று, குஜராத் நீதிமன்றங்கள் ஃபால்சிடாப் என்ற பெயருக்கு இடைக்காலத் தடை தர மறுத்தன. உச்ச நீதிமன்றம் தானும் தடை விதிக்காமல் வழக்கைக் கீழமை நீதிமன்ற விசாரணைக்கே விட்டது. ஆனால் பயிற்சி பெற்றவர்களும் தவறக்கூடியவர்களே என்றும், மருந்துகளில் பெயர் ஒற்றுமையை மற்றப் பொருள்களைவிடக் கடுமையாக அளக்க வேண்டும் என்றும் தெளிவாக வரையறுத்தது.

இது முற்றிலும் சரி என்பதற்கு எந்த மருந்துக் கடையும் சாட்சி. சீட்டில் முதல் நான்கைந்து எழுத்துகள் தெளிவாக விழுந்து, மீதி ஒரு கோடாக இழுபட்டிருக்கும். கடைக்காரர் அந்த முன்பாதியை வைத்துத்தான் அலமாரியில் தேடுகிறார். நான்கு மாத்திரைகளை வெட்டிக் கொடுத்தால், பெயர் அச்சான பகுதி பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகிறது. வீட்டில் சரிபார்க்கவும் வழியில்லை.

மூலப்பொருளின் பெயரை யாரும் தனியுடைமை கொண்டாட முடியாது என்பதும் உண்மையே. சென்னையின் ஆர்க்கிட் நிறுவனத்தின் 'மெரோமர்' மீது 'மெரோனெம்' உரிமையாளர் கோரிய தடையை, 'மெரோ' என்பது மெரோபெனெம் என்ற மருந்தைக் குறிக்கும் பொதுச்சொல் என்று கூறி, 2007-இல் டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. அங்கே இரண்டிலும் ஒரே மருந்து. நோயாளிக்கு உண்மையான ஆபத்து, வெவ்வேறு மருந்துகள் ஒரே பெயர்ச்சாயலில் வரும்போதுதான். அப்போதும் உரிமையாளர் எவரும் வழக்குத் தொடுக்காவிட்டால் வணிகச்சின்னச் சட்டம் தானாக விழித்துக்கொள்ளாது.

எனவே மருந்து தயாரிக்க உரிமம் வழங்கும் இடத்திலேயே தடுக்க வேண்டும். இதே போன்ற பெயர் உண்டா என்று காட்டும் வணிகச்சின்னப் பதிவகத்தின் தேடல் அறிக்கையை விண்ணப்பதாரரிடம் கேட்டு வாங்கலாம் என்று 2001-லேயே உச்ச நீதிமன்றம் யோசனை சொன்னது. 2019-இல்தான் மருந்து விதிகள் திருத்தப்பட்டு, 51-ஆம் படிவம் வந்தது. அதுவும், இதே போன்ற பெயர் தனக்குத் தெரிந்தவரை புழக்கத்தில் இல்லை என்று விண்ணப்பதாரரே எழுதித் தரும் உறுதிமொழிதான். அந்தத் தேடலை உரிமம் தரும் அதிகாரியே செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.