சோந்த் என்றால் எந்தக் குழாய்?

பாரிஸ் லா சப்பல் பக்கம் வளர்ந்தவள் நான். கல்யாணமாகி ராயபுரம் வந்த புதிதில் என் ஈழத்துத் தமிழே இங்கே கொஞ்சம் தடுக்கியது; அது பழகிவிட்டது. ஊரோடு என்னைச் சேர்த்தது வேலைதான். பிரான்ஸில் தயாரான மருத்துவக் கருவிகளின் கையேடுகளைச் சிறிய நர்சிங் ஹோம்களுக்காக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கிறேன்.

அகராதி பாதித்தூரம்தான் கூட வரும். சிறுநீர்க் குழாய், மூக்குவழி உணவுக் குழாய், மூச்சுக்காகத் தொண்டையில் இறக்கும் குழாய், ஸ்கேனில் வயிற்றின் மேல் நகர்த்தும் கருவி எல்லாமே பிரெஞ்சில் 'சோந்த்'. கணவரின் அக்காவிடம் போனேன். நான் மச்சாள் என்பேன், இங்கே அண்ணி. எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார். ஸ்டான்லியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவர். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்தின் நினைவாக, தெருப் பெரியவர்களுக்கு அது இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி.

"மூக்குல போடறது ரைல்ஸ் ட்யூப், யூரினுக்கு ஃபோலி, தொண்டைக்கு ஈ.டி. ட்யூப், ஸ்கேனுக்கு ப்ரோப். வேற பேர் எழுதுனா நைட் டியூட்டில யாருக்கும்மா புரியும்?"

அன்றிலிருந்து முறையான பெயருக்குப் பக்கத்தில் வார்டுப் பெயரையும் எழுதுகிறேன்.

குழாயின் பருமனைப் பிரெஞ்சு உறைகளில் 'சி.எச்.' என்று குறிப்பார்கள். அது 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கருவிகள் செய்த ஷாரியேரின் பெயர். இங்கே அதே அளவுக்குப் பெயர் 'ஃப்ரெஞ்ச்'. எண்ணை 3ஆல் வகுத்தால் மில்லிமீட்டரில் வெளிவிட்டம். 18 என்றால் 6 மி.மீ. வேலைக்காலம் முழுக்க "16 ஃப்ரெஞ்ச் எடு" என்று சொல்லிவந்த மச்சாள், அது என் ஊரின் அளவு என்றதும் நான் சீர் கொண்டுவந்த மாதிரி மகிழ்ந்துபோனார்.

சொற்களைவிட எனக்குக் காற்புள்ளிமேல்தான் பயம். இரண்டரையைப் பிரெஞ்சில் 2,5 என்று எழுதுவார்கள். சிரிஞ்ச் பம்பில் மணிக்கு 2,5 மி.லி. என்பதை அவசரத்தில் 25 என்று படித்தால் மருந்து பத்து மடங்கு ஏறும். மொழிபெயர்ப்பு முடிந்தபின் எண்களை மட்டும் தனியே முதலிலிருந்து சரிபார்ப்பேன். கருவியின் திரையை ஆங்கிலத்துக்கு மாற்றிப் படம் அனுப்பச் சொல்லி, அங்கே புள்ளி வருகிறதா என்றும் பார்ப்பேன். அந்த நேரத்துக்குக் கூலி இல்லை. இருந்தாலும் விடமுடியாது.

இப்போது கையில் இருப்பது ஒரு வென்டிலேட்டரின் அலாரச் செய்திகள். அவற்றைத் தமிழிலும் பெரிதாக அச்சடித்து மெஷினிலேயே ஒட்டவேண்டும் என்கிறார் மச்சாள். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் மீன் வாங்கி வந்தபிறகு இருவரும் உட்காருகிறோம். முதல் வரி, 'குழாய் கழன்றுவிட்டது'.